கார்டு வாங்கும் முன் ஃபைலைப் பாருங்கள்

கல்யாண ஸ்டுடியோக்களுக்கு எடிட்டிங் சிஸ்டம் கட்டிக்கொடுப்பதும், சீசனில் நானே உட்கார்ந்து எடிட் செய்வதும்தான் என் பிழைப்பு. "குறைந்த பட்ஜெட்டில் எந்த கிராபிக்ஸ் கார்டு நல்லது?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது, எந்த கேமரா, எந்த சாஃப்ட்வேர் என்பதைத்தான். அது தெரியாமல் யார் கார்டு சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆல்பம் வேலை மட்டும் என்றால் கார்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். போட்டோஷாப் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையும் நம்பி ஓடுவது. 32 ஜிபி ரேமும் நல்ல எஸ்எஸ்டியும் போட்டாலே வேலை பறக்கும். லைட்ரூமில் 2023-இல் வந்த ஏஐ டீநாய்ஸ் மட்டும் விதிவிலக்கு. ரிசப்ஷன் மேடையில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த ரா படங்களை அதில் போட்டால், கார்டு இல்லாத சிஸ்டம் ஒவ்வொரு படத்துக்கும் நிமிடக்கணக்கில் முனகும்.

வீடியோவின் கதை வேறு. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன், பிரீமியர் சிஎஸ்5 வந்த 2010-இல் இருந்தே கார்டுகளோடு மல்லுக்கட்டியவர். அந்த பிரீமியர், பட்டியலில் இருந்த சில கார்டுகளைத்தான் ஏற்றுக்கொள்ளும். பட்டியல் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்து தன் கார்டின் பெயரைத் தட்டி, பிரீமியரின் மெர்க்குரி என்ஜினைக் கார்டிலேயே ஓடவைத்துவிடுவார். அவரிடம் நான் கற்றதில் பெரியது ஒரு பழக்கம். டைம்லைனை ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிராசசர் முட்டுகிறதா, 'வீடியோ டீகோட்' முட்டுகிறதா, கார்டின் மெமரி நிரம்புகிறதா? எந்தக் கோடு உச்சியைத் தொடுகிறதோ அங்கேதான் காசு போக வேண்டும் என்பார். எனக்கோ பத்து நிமிடம் பார்ப்பதற்குள் கை பரபரக்கும். "பொறுடா, அதுவே சொல்லும்" என்பார்.

ஒரு கேண்டிட் போட்டோகிராபர் விலையுயர்ந்த கார்டு போட்ட புது சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகூர்த்த கிளிப் தத்தித் தத்தி ஓடியது. அவரிடம் இருந்தது சோனி ஏ7 IV. எல்லாம் 10-பிட் 4:2:2. என்விடியாவில் 50 வரிசை வரும்வரை எந்த ஜிஃபோர்ஸ் கார்டுக்கும் 4:2:2-ஐ டீகோட் செய்யும் பாகமே கிடையாது. இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கோ 11-ஆம் தலைமுறையிலிருந்தே ஹெச்.265 4:2:2 அத்துப்படி. ஆனால் அவருடையது பெயரின் முடிவில் 'எஃப்' உள்ள பிராசசர். அதில் அந்த கிராபிக்ஸே இருக்காது. எஃப் இல்லாத ஐ5-12400 மாட்டினோம். கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ விட்டு ஹெச்எஸ்ஸுக்கு மாறச் சொன்னேன், ஏனென்றால் எக்ஸ்ஏவிசி எஸ் எழுதுவது ஹெச்.264; அதில் வரும் 4:2:2-க்கு இந்த வித்தை பலிக்காது. பழைய கிளிப்புகளுக்கு ப்ராக்ஸி போட்டு முடித்தோம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. சின்னதில் மெமரி பாதையும் 192 பிட்டிலிருந்து 128 ஆகக் குறைந்துவிடும். ஜிடி 1030-இல் டிடிஆர்4 வந்தால் திருப்பிக்கொடுங்கள். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் வீடியோ என்கோடரே இல்லை. எடிட்டிங் மேசைக்கு அவை ஆகாது. டாவின்சியில் 4கே கிரேடிங் செய்கிறவருக்கு 8 ஜிபிக்குக் குறைந்து நான் பரிந்துரைப்பதில்லை. நான்கு ஜிபி கார்டில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் மெமரி நிரம்பிவிட்டதென்று பாதியில் நிற்கும்.

காசு மிகக் குறைவென்றால் இன்டெல் ஆர்க் ஏ380 பாருங்கள். அந்த விலைக்கு ஏவி1 என்கோடும் ஹெச்.265 4:2:2 டீகோடும் கிடைப்பது பெரிய விஷயம். பயாஸில் ரீசைசபிள் பார் வசதி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆபீஸ் சிஸ்டம், சின்ன எஸ்எம்பிஎஸ் என்றால் 6 ஜிபி 3050. அது 70 வாட்டில் ஓடுவதால் தனி பவர் ஒயர் தேவையில்லை.

செகண்ட் ஹேண்ட் தவறில்லை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றபின் ரிச்சி தெருவில் கார்டுகள் குவிந்தன. நல்லதும் இருந்தது, வெந்ததும் இருந்தது. கடையிலேயே ஜிபியு-இசட் போட்டுப் பாருங்கள். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஒட்டிய கார்டு என்றால் 'ஃபேக்' என்று காட்டிவிடும். அரைமணி நேரம் ரெண்டர் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

கார்டில் மிச்சமாகும் காசுக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கிவிடுங்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை ஒரே டிஸ்கில் வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.