தெருவும் வண்டியும்

தெரு ஒருவர்க்கும் தனியே உரியதன்று. அதனாலேயே அஃது எல்லார்க்கும் உரியதாகின்றது. மதுரைக்காஞ்சி பாடிய புலவர் அகன்ற தெருவை ஆற்றுக்கு ஒப்பிட்டனர். ஆற்றின் இயல்பு ஓடுதல். தெருவின் இயல்பும் அஃதே. ஓடும் வாய்க்காலை ஒருவன் மறிப்பானாயின் கடைமடையிலுள்ளான் உடனே வந்து வழக்குரைப்பான். தெருவை வண்டியால் மறிப்பவனைக் கேட்பாரோ அரியர். இதுபற்றி எம்மூராகிய சேந்தமங்கலத்தில் யாம் கண்டவற்றைக் கொண்டு சில கூறப் புகுந்தோம்.

கொல்லிமலையடிவாரத்து இவ்வூர், 1997 ஆம் ஆண்டில் சேலத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின்கண் உள்ளது. லாரிக்குப் பாடி கட்டும் தொழிலும் கோழிப் பண்ணையும் இம்மாவட்டத்திற்குப் பெரும்பெயர் தந்தன. ஆதலின் எம்மூரில் லாரியையோ முட்டை வண்டியையோ நம்பி வாழும் குடும்பங்கள் பல. பழைய தெருக்கள் மாட்டு வண்டிக்கென அமைந்தவை. அவற்றின் குறுக்கம் மன்னிக்கத்தக்கது. நேற்றுவரை நிலக்கடலைக் காடாயிருந்து இன்று மனைப்பிரிவாகிய இடத்திலும் அதே நெருக்கடி தோன்றுவதே வியப்பு.

அதன் காரணம் எளிய கணக்கில் அடங்கும். யாம் வாழும் புதுத்தெரு 23 அடி அகலமுடையது. ஒருபுறம் ஒரு கார் நிற்பின் ஏறக்குறைய 6 அடி போகும். எதிர்ப்புறம் ஒரு லாரி நிற்பின் எட்டரை அடி போகும். எஞ்சும் எட்டரை அடியிலும் மின்கம்பமும் வாயிற் சரிவும் தம் பங்கைக் கொள்ளும். மனைகள் பாதி வெறுமையாயிருந்தவரை இக்குறை எவர்க்கும் புலப்படவில்லை; வண்டிகள் யாவும் வெற்று மனைகளில் நின்றன. வீடுகள் எழ எழ அவ்விடம் சுருங்கிற்று. வீடு கட்டியோரும் அறைகளைப் பெருக்கினரேயன்றி வண்டிக்கு இடம் விட்டாரிலர்.

சென்ற ஆண்டு மார்கழியில் ஓரிரவு, யாம் ‘ஆயா’ என்றழைக்கும் அயல்வீட்டு மூதாட்டியார்க்கு மூச்சுத்திணறல் கண்டது. அழைத்த சிறிது பொழுதில் 108 ஊர்தி தெருமுனைக்கு வந்துவிட்டது. வீட்டு வாயிலுக்கு வர இயலவில்லை. முனையில் ஒரு லாரியும் அதற்கெதிரே ஒரு காரும் நின்றன. இளைஞர் நால்வர் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி இருளில் முந்நூறு அடி நடந்தனர். அவர் பிழைத்தார். எனினும் அம்முந்நூறு அடி எம் தெருவாரின் உறக்கத்தைப் பல நாள் கெடுத்தது.

மறுநாள் எழுந்த சினமெல்லாம் லாரிக்காரர்மேற் பாய்ந்தது. இங்கே நடுவுநிலைமை வேண்டும். எம் தந்தையாரும் லாரி ஓட்டுநரே. இருபது நாள் வடநாட்டுச் சாலைகளில் உழன்று இரண்டு நாள் இல்லம் திரும்புபவர், பேட்டரியும் டீசலும் களவு போகாவண்ணம் வண்டியைக் கண்ணெதிரே நிறுத்த விழைதல் இயல்பு. இடங்காட்டாது ‘இங்கே நிறுத்தாதே’ எனல் அறமாகாது.

சட்டம் இதனைப் பேசாமலில்லை. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிறர்க்கு இடரோ இடையூறோ நேர வண்டியைப் பொதுவிடத்து விடுதல் தகாதென விலக்குகின்றது. வண்டி நிறுத்துமிடங்களை வரையறுக்கும் அதிகாரத்தையும் அரசிற்கு அளிக்கின்றது. ஜப்பானியர் 1962 ஆம் ஆண்டிலேயே, கார் வாங்குவோன் அதனை நிறுத்த இடமுண்டெனக் காட்டல் வேண்டுமெனச் சட்டமியற்றினர். சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 ஆம் ஆண்டு நடப்போர்க்கென அகன்ற நடைபாதை அமைத்தனர். இவை பெருநகர்க்குரியன, சிற்றூர்த் தெருவிற்குக் காவலரை நாள்தோறும் எதிர்பார்த்தல் கூடுமோ?

ஆதலின் தெருவார் வேப்பமரத்தடியிற் கூடி ஓர் ஒழுங்கு செய்தனர். கார்கள் ஒரு திங்கள் கீழ்ச்சிறகிலும் மறுதிங்கள் மேற்சிறகிலும் மட்டுமே நிற்றல் வேண்டும். தெருமுனையிலிருந்து 15 அடிக்குள் எவ்வண்டியும் நிற்றலாகாது. லாரிகளுக்கெனத் தெருக்கோடியிலுள்ள ஒரு காட்டின் ஓரத்தை வாடகைக்குப் பிடித்தனர். அதற்கும் ஒரு விளக்கிற்கும் காவலாளிக்கும் ஆகும் செலவை லாரி இல்லாதாரும் பகிர்ந்துகொண்டனர். இம்மூன்றனுள் இறுதியதே எம் உள்ளத்தைக் கவர்ந்தது. இடையூறு பொதுவாயின் அதனை நீக்கும் செலவும் பொதுவன்றோ?

இவ்வொழுங்கு முழுதும் நிலைத்ததெனக் கூறோம். திருமணமோ விருந்தோ வரின் இன்றும் பிறழ்கின்றது. ஆயினும் கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளிலும் ஏறிவரும் வண்டிக்கு இறங்குவோர் ஒதுங்கி நின்று வழிவிடுதலை யாம் கண்டிருக்கின்றோம். மலைமேல் இயல்வது சமநிலத்தில் இயலாதென்பது பொருந்தாது.

நல்ல சமாரியன் காயமுற்றவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்த வரலாற்றை நாமெல்லாம் அறிவோம். அவன்பால் இரக்கம் இருந்தது, வழியும் திறந்திருந்தது. வழி அடைபட்டிருப்பின் இரக்கமுடையானும் என் செய்வான்? அயலானிடத்து அன்பு, அவன் வாயிலுக்குச் செல்லும் பாதையைத் திறந்துவைத்தலினின்றே தொடங்குக. புதிது புதிதாக மனை பிரிக்கும் நம் ஊர்களெல்லாம், வீடெழும் முன்னரே வண்டிக்கும் இடம் வகுத்தல் கடனாகும்.