சிவப்பு மைக் கோடு

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவில் பணிபுரிந்து வந்த நம் தங்கை மகனிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மடல் வந்தது. வேலை பறிபோனதையும், உறக்கமின்றிக் கழியும் இரவுகளையும் பற்றி எழுதியிருந்தான். நாம் என்ன செய்தோம் தெரியுமா? 'த்ரூ' என்னும் சொல்லை ஏழு எழுத்துகளில் எழுதாமல் நான்கிலேயே முடித்துவிட்டானே என்று சினந்தோம். இரவைக் குறிக்கும் 'நைட்' என்பதிலும் ஜி, எச் இரண்டையும் தள்ளி, இறுதியில் ஈ சேர்த்திருந்தான். இரண்டுக்கும் சிவப்பு மையால் கோடிட்டு, அறிவுரையும் எழுதித் திருப்பி அனுப்பினோம். நான்கு மாதங்கள் அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை.

அந்த மௌனம் நம்மை அகராதியைப் புரட்ட வைத்தது. நாம் கோடிட்ட இரு வடிவங்களும் அமெரிக்க அகராதியில் மாறுவடிவங்களாக இடம்பெற்றிருந்தன!

மேலும் படித்தபோது வியப்பு மிகுந்தது. 1755இல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் 'மியூசிக்' என்னும் சொல்லின் இறுதியில் கே என்ற எழுத்தும் இருந்தது. இன்று அதைத் தேடுவார் இல்லை. நோவா வெப்ஸ்டர் தமது 1828ஆம் ஆண்டு அகராதியில் 'கலர்' என்பதிலிருந்து யூ எழுத்தை நீக்கினார், அமெரிக்கர் ஏற்றனர். நாவைக் குறிக்கும் 'டங்' என்பதை நான்கு எழுத்துகளாகச் சுருக்க விரும்பினார், அதை ஏற்கவில்லை. 1906இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய எழுத்துகளில் அச்சிடுமாறு அரசு அச்சகத்திற்கு ஆணையிட்டார். 'த்ரூ'வும் அவற்றுள் ஒன்று. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது, ஆணை கைவிடப்பட்டது. 1934இல் எளிய எழுத்துமுறையைத் தொடங்கிய சிகாகோ ட்ரிப்யூன் நாளேடு, 'த்ரூ'வையும் பல்லாண்டுகள் சுருக்கியே அச்சிட்டுவிட்டு, 1975இல் பழைய வடிவத்துக்கே திரும்பியது.

அதிபரின் ஆணையாலும் நாளேட்டின் முயற்சியாலும் நிலைபெறாத அந்த நான்கெழுத்து, காரில் அமர்ந்தபடியே உணவு வாங்கும் கடைகளின் பெயர்ப்பலகைகளில் இன்று நிலைபெற்றிருக்கிறது. மக்கள் எழுதி எழுதியே பெற்றுத் தந்த இடம் அது. ஆயினும் வேலை விண்ணப்பத்திலும் தேர்வுத்தாளிலும் பழைய வடிவமே தக்கது. எழுத்துக்கும் இடம், பொருள், ஏவல் உண்டன்றோ! உற்றார்க்கு உள்ளம் திறந்து எழுதும் மடல் தேர்வுத்தாள் அன்று. அதை மறந்தது நம் பிழை.

மன்னிப்புக் கேட்டு எழுதினோம். சலாத்துடன் மறுமொழி வந்தது. புதிய வேலை கிடைத்துவிட்டதாம். இறுதியில் இவ்வாறு எழுதியிருந்தான்: "மாமா, முகம்மது என்ற பெயரை வாப்பா ஆங்கிலத்தில் எம் எழுத்துக்குப்பின் ஓ இட்டு எழுதுகிறார்கள், நான் யூ இட்டு எழுதுகிறேன். யாருடைய பெயருக்குக் கோடிடுவீர்கள்?"

நம் கையொப்பத்தைப் பார்த்தோம். எம், டி என்ற இரண்டே எழுத்துகளில் அந்தத் திருப்பெயரைச் சுருக்கி, ஒரு புள்ளியும் வைத்திருந்தோம்.