இரண்டாவது டிஸ்க்

2005 மே மாதம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த நாட்கள். பழனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சிடி கடை இருந்தது. முன்னால் விஜய், அஜித் படங்கள். தனியாகப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால், கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து வேறொரு பெட்டியை எடுப்பார். அந்தப் பெட்டியிலிருந்துதான் ‘ஃபயர்’ என் கைக்கு வந்தது. இரண்டு டிஸ்க், பத்து ரூபாய் வாடகை. கவரில் இரண்டு பெண்களின் முகம், கொட்டை எழுத்தில் ஒரு ‘ஏ’.

“பம்பாயில தியேட்டரையே அடிச்சு நொறுக்கின படம்” என்றான் நண்பன். அப்படியென்றால் உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது என்பது எங்கள் கணக்கு. நாங்கள் தேடியது பிட்டுப் படம்.

ஆயக்குடியில் எங்கள் சொந்தத்தில் டிவிடி பிளேயர் இருந்தது பெரியம்மா வீட்டில் மட்டும்தான். திருப்பூரில் கட்டிக்கொடுத்த அக்காவின் வீட்டுக்காரர் வாங்கித் தந்தது. கொய்யாத் தோப்பை ஒட்டிய வீடு. அன்று பெரியம்மா கொய்யா போட விடியற்காலையிலேயே சந்தைக்குப் போயிருந்தார். பெரியப்பா மடத்துக்குப் போயிருந்தார்.

பெரியப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊரில் அவரை எல்லோரும் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதில் ஒரு மடத்தோடு தொடர்பு ஏற்பட்டு, கவிச்சியை விட்டார், பிறகு வீட்டுக்குள் படுப்பதை விட்டார். திண்ணையில் ஒரு கோரைப்பாய், ஒரு செம்புத் தண்ணீர். குடி இல்லை, சீட்டு இல்லை, யாரையும் அதட்டிப் பேசியதில்லை. “அப்படி ஒரு மனுஷன் கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்” என்று பெரியம்மாவிடம் சொல்லாத ஆள் கிடையாது. அவர் திண்ணைக்குப் போனபோது பெரியம்மாவுக்கு முப்பத்துநான்கு வயது.

நாங்கள் மூன்று பேர். படம் போட்டு அரை மணி நேரத்தில் இருவருக்கு வெறுத்துவிட்டது. எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், சமைக்கிறார்கள், ஒரு பாட்டி மணி அடிக்கிறார். பின்னணியில் ‘பம்பாய்’ படத்தின் இசை வேறு. “டேய், இது ‘அழகி’ நந்திதா தாஸ்டா. தனலட்சுமிடா” என்று ஒருவன் கத்தினான். துரோகம் செய்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்புச் சத்தம். இருவரும் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டார்கள். எனக்கு ரிமோட் கிடைக்கவில்லை.

பெரியம்மா காலிக் கூடையோடு உள்ளே வந்தார். திரையில் ஒரு கட்டில். கணவன் படுத்திருக்கிறான். மனைவி பக்கத்தில் வந்து படுக்கிறாள். அவன் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து போகிறாள்.

“என்ன படம்டா இது?”

“இங்கிலீஷ் படம் பெரியம்மா.”

“புருஷன் பொண்டாட்டி தானே? ஏன் வந்து படுத்துட்டு எந்திரிச்சுப் போறா?”

எனக்குப் புரிந்தவரை சொன்னேன். “அவரு ஒரு சாமியார்கிட்ட வாக்குக் கொடுத்திருக்காரு. ஆசையே வரக்கூடாதுன்னு. வருதா இல்லையான்னு பாக்கறதுக்கு அவங்களப் பக்கத்துல வந்து படுக்கச் சொல்றாரு.”

பெரியம்மா கூடையைக் கீழே வைத்தார்.

“இவளுக்கு வருதான்னு யாரு பாக்கறது?”

பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை. ராதாவும் சீதாவும் ஒருவரையொருவர் தொடும் காட்சி வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியம்மா குனியவில்லை. இரண்டாவது டிஸ்க்கை மாற்றிப் போடச் சொன்னதும் அவர்தான்.

கடைசியில் சமையலறைச் சண்டை. அடுப்பு நெருப்பு ராதாவின் சேலையில் பற்றுகிறது. கணவன் அவளைப் பார்க்கிறான். பிறகு, நடமாட முடியாத தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறான். அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. டிஸ்க்கைப் பனியனில் துடைத்தேன், கோல்கேட் தடவிக் கழுவிப் போட்டேன். நெருப்பு அப்படியே உறைந்து நின்றது.

“எரிஞ்சு போயிட்டாளா?”

“அப்படித்தான் இருக்கும் பெரியம்மா.”

“அதானே” என்று சொல்லிவிட்டு உலை வைக்க எழுந்து போனார்.

*

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ 1996இல் டொராண்டோ திரைவிழாவில் திரையிடப்பட்டது. இந்தியாவில் 1998 நவம்பரில் வெளியானது. இந்தி வடிவத்தில் சீதா என்ற பெயரை நீதா என்று மாற்றச் சொன்னதைத் தவிர, தணிக்கைக் குழு எதையும் வெட்டவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர்கள் தாக்கப்பட்டன. படம் மறுபடியும் தணிக்கைக்குப் போய், 1999 பிப்ரவரியில் வெட்டு இல்லாமலே திரும்பி வந்தது. தாக்கியவர்கள் சொன்னது: இப்படிப்பட்ட உறவு நம் கலாச்சாரத்தில் கிடையாது, அதிலும் ராதா, சீதா என்ற பெயர்களா?

படத்தைக் காக்க வந்தவர்களில் பலர் வேறொன்று சொன்னார்கள்: இது அந்த உறவைப் பற்றிய படமே இல்லை, பெண்களின் தனிமையைப் பற்றிய படம், கருத்துச் சுதந்திரம் பற்றிய பிரச்சினை. அந்தப் பதிலில் ஒரு நழுவல் இருந்தது. அதனால்தான் டெல்லி போராட்டத்தில் சில பெண்கள் தாங்கள் இந்தியர்கள், லெஸ்பியன்கள் என்று எழுதிய அட்டையோடு நின்றார்கள். 377ஆம் பிரிவிலிருந்து உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவிக்க 2018 செப்டம்பர் 6 வரை ஆனது. அவர்கள் தரப்பிலிருந்து படத்தின் மீதும் ஒரு விமர்சனம் உண்டு: புருஷன் சரியில்லாததால்தான் ஒரு பெண் இன்னொரு பெண்ணை நாடுவாள் என்பதுபோல ஆகிவிடாதா? நியாயமான கேள்வி.

ஒரு கூட்டம் இதைக் கலாச்சாரச் சீரழிவு என்றது. நாங்கள் பிட்டுப் படம் என்று நினைத்து ஏமாந்தோம். இரண்டு தரப்புமே பார்த்தது அந்த இரண்டு பெண்களின் உடம்பை மட்டும்தான். அசோக்கை யாரும் பார்க்கவில்லை.

*

போன வருடம் ஒரு நண்பன் வெளிநாட்டிலிருந்து பழைய டிவிடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பெங்களூரில் எங்கள் ஃப்ளாட்டில், நானும் மனைவியும் பார்த்தோம்.

முதலில் கண்ணில் பட்டது, இந்தப் படத்துக்குள்ளேயே ஒரு வீடியோ கடை இருக்கிறது என்பது. தம்பி ஜதின் நடத்துவது. பள்ளிக்கூடப் பையன்கள் வந்து நின்றால் மறைத்து வைத்திருக்கும் கேசட்டை எடுத்துக் கொடுக்கிறான். வீட்டு வேலைக்காரன் முண்டு அப்படி ஒரு கேசட்டை, பேச முடியாத பாட்டியின் முன்னாலேயே போட்டுப் பார்க்கிறான். பதினைந்து வயதில் இந்தக் காட்சிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன்களில் ஒருவன் நான் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்த வீட்டில் ஆண்களின் ஆசைக்கெல்லாம் இடம் இருக்கிறது. ஜதினுக்கு வெளியே ஒரு காதலி. முண்டுவுக்குக் கேசட். அசோக்குக்கு ஆசையை வெல்லும் ஆசை. பதின்மூன்று வருடமாக அவன் காக்கும் விரதத்தில் ராதாவுக்கு ஒரே ஒரு வேலைதான், பக்கத்தில் வந்து படுத்துவிட்டு எழுந்து போவது.

அசோக் அடிப்பதில்லை.  வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான், கடையை நடத்துகிறான். குல்பூஷன் கர்பந்தா அவனை ஒரு கண்ணியமான மனிதனாகவே நடித்திருக்கிறார். என் மனைவி பாதியில் சொன்னாள்: “இவன் கெட்டவனா இருந்தா ஈஸி. ஊரே இவன நல்லவன்னு சொல்லும். அவ யார்கிட்டப் போய்ச் சொல்வா?”

நான் பதில் சொல்லவில்லை. என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. அந்த வாரம் ஒரு ரிலீஸ். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘இந்த ரிலீஸ் முடியட்டும்’ என்பதுதான் பதில். இரவு இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் எழுந்து ஹாலுக்குப் போவேன், பிறகு அங்கேயே சோஃபாவில் தூங்கிவிடுவேன். குடி இல்லை, கெட்ட பழக்கம் இல்லை. மாமியார் எல்லோரிடமும் சொல்வார், மாப்பிள்ளை தங்கம் என்று. என் மனைவிக்கு இப்போது முப்பத்துநான்கு வயது.

திண்ணைக்கும் சோஃபாவுக்கும் நடுவே அப்படியொன்றும் தூரமில்லை. லேப்டாப்பை மூடினேன். அன்று மூடினேன் என்றுதான் எழுத முடியும். எல்லா நாளும் மூடுகிறேன் என்றால் இதைப் படிக்கப்போகும் அவளே சிரிப்பாள்.

இந்தக் கண்ணோடு பார்க்கும்போது, ‘லெஸ்பியன் படமா, கல்யாணத்தைப் பற்றிய படமா’ என்ற சண்டையே எனக்கு அர்த்தமில்லாமல் போனது. கர்வா சௌத் விரதம் முடிக்க சீதாவின் புருஷன் வரவில்லை. ராதா தன் கையால் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். தாகம் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி காதில் வாங்குகிறாள். கல்யாணத்தில் தனக்கு என்ன இல்லாமல் போனது என்பதே சீதாவைத் தொட்ட பிறகுதான் ராதாவுக்குத் தெரிகிறது. அசோக் தவறியதற்கு மாற்றாக சீதா வரவில்லை. சீதா வராமலிருந்தால் அது தவறு என்றே யாருக்கும் தெரிந்திருக்காது, ராதாவுக்கும்கூட.

டிவிடி நிற்கவில்லை. நெருப்பைத் தாண்டி ஓடியது. மழை. நிஜாமுதீன் தர்கா. சீதா காத்திருக்கிறாள். கரி படிந்த சேலையோடு ராதா வந்து சேருகிறாள்.

அவள் சாகவில்லை. இருபது வருடமாக நான் அவளைச் சாகடித்து வைத்திருந்தேன். தீயில் இறங்கினால் ஒன்று தெய்வமாக வரவேண்டும், இல்லை சாம்பலாக வேண்டும் என்ற பழைய கதையைத்தான், டிஸ்க் நின்ற இடத்திலிருந்து நானாகப் போட்டு முடித்திருக்கிறேன். பெரியம்மாவிடமும் அதையே சொன்னேன். அவரும் ‘அதானே’ என்றார்.

*

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பெரியப்பா இறந்து நான்கு வருடமாகிறது. திண்ணையில் இப்போது கொய்யாக் கூடைகள் இருக்கின்றன. பெரியம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். அவர் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். பழைய காயத்தை நானாகப் போய்க் கிளறுகிறேனோ என்ற தயக்கமும் இருந்தது.

“பெரியம்மா, அந்தச் சேலை பத்திக்கிற படம்...”

“உங்கூட வந்ததுக கொல்லப்பக்கம் ஓடுனதே, அந்தப் படமா?”

“அவ சாகல பெரியம்மா.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பில் அந்தக் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் போட்டேன். சேலை பற்றியது. அசோக் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனான். மழை பெய்தது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முடிந்ததும், “இன்னொருக்கா போடு கண்ணு” என்றார். போட்டேன்.

இரண்டாம் முறை முடிந்த பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து, கத்தியால் நான்காக வகுந்து, எனக்கு இரண்டு துண்டு கொடுத்தார்.

“அம்மாவத் தூக்கிட்டுப் போனானே, அவன் என்னடா ஆனான்?”

“அது படத்துல வரல பெரியம்மா.”

“அவனுக்கு யாரு சோறு போட்டிருப்பா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பெரியம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.