நாற்பது மதிப்பெண்ணுக்கு அப்பால்

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீடும் வந்தது. அதற்கு 40 மதிப்பெண், பருவ இறுதித் தேர்வான தொகுத்தறிக்கு 60. மதிப்பெண் என்று ஆனதுமே அது இன்னொரு பதிவேடாகிவிட்டது என்பேன்.

மதிப்பெண் இல்லாமலே வளரறி மதிப்பீடு எப்படி நடக்கும்? 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். நாலைவிட முப்பத்தைந்து பெரிது என்று பல பிள்ளைகள் 0.35ஐச் சொல்வார்கள். முழு எண் பழக்கம் தசமத்துக்கும் வந்துவிடுகிறது. நாளைய பாடத்தை எங்கே தொடங்குவது என்பது அந்தத் தவறிலேயே இருக்கிறது. அதற்கு எதற்கு மதிப்பெண்? பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் 1998இலேயே சொன்னதுதான்: கிடைத்த விடையை வைத்துக் கற்பித்தலை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு.

பயிற்சி தரும் நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் படிவம் நிரப்புவதை விடுங்கள். ஆசிரியர்களோடு உட்கார்ந்து இப்படி நாலு கேள்வி எழுதுங்கள்.