நாற்பத்தைந்து பாகை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உயர்தர வகுப்பிலே என்னிடம் பௌதிகவியல் கற்கும் மாணவன் ஒருவனை அவனுடைய தாயார் என் வீட்டுக்கு அழைத்து வந்தார். பையனின் கன்னத்தில் ஒரு பக்கம் தோலுரிந்திருந்தது. முன்பற்கள் இரண்டு இல்லை. தாயார் கதிரையின் நுனியில் அமர்ந்து, கோபமின்றி, ஆனால் என் முகத்தை நேரே நோக்காமற் சொன்னார்: "சேர், நீங்கள் வகுப்பிலை சொன்னதைத்தான் செய்து பாத்தவனாம்."

எங்களூர்க் கோயிற் கேணியடியில் வீதி வலப்புறமாக வளைகின்றது. வெளிநாட்டிலிருக்கும் மாமன் அனுப்பிய காசில் வாங்கிய மோட்டார் சைக்கிளை, இரவு எட்டு மணிக்கு, முழங்கால் நிலத்தைத் தொடுமளவுக்கு அவ்வளைவிலே சாய்த்திருக்கிறான். வண்டி ஒரு பக்கமாகவும் அவன் மற்றப் பக்கமாகவும் போய், கேணிக்கட்டிலே முகம் மோதியிருக்கிறது. தலைக்கவசம் அணிந்திருந்தானா என்று கேட்டேன். கையில் மாட்டியிருந்தானாம்.

நான் வகுப்பிலே சொன்னது யாதென்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். வளைவிலே செல்லும் சைக்கிளோட்டி எத்தனை பாகை சாய வேண்டுமென்பது வட்ட இயக்கப் பாடத்திலே வரும் பழைய கணக்கு. கதியின் வர்க்கத்தை வளைவின் ஆரையாலும் புவியீர்ப்பு ஆர்முடுகலாலும் பிரித்தால், சாய்வுக்கோணத்தின் தான்சன் கிடைக்கும். மணிக்கு 90 கிலோமீற்றர் கதி, 64 மீற்றர் ஆரை என்று கொடுத்தால் விடை ஏறத்தாழ 45 பாகை. "நாற்பத்தைந்து பாகையா? விழமாட்டானா, சேர்?" என்று ஒருவன் கேட்டான். "விழமாட்டான். நானே சாய்ந்திருக்கிறேன்" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அக்கணக்கைக் கற்பித்தும் அதுவரை வாய்தவறியும் சொல்லாத வார்த்தை. வகுப்பு சட்டென அமைதியாயிற்று. பின்வாங்கில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தனர். ஆசிரியத் தொழிலிலே இதைவிடப் பெரிய போதை வேறில்லை. மணியடிக்கும்வரை பேசினேன். எல்லாவற்றையும் பேசினேன், ஒன்றைத் தவிர.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது தகப்பனாரின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளாலே. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அது மண்ணெண்ணெயில் ஓடிற்று. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு, உதைத்து இயக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அக்காலத்து யாழ்ப்பாணத்தவரின் சட்டைகளிலெல்லாம் அந்தப் புகையின் மணம் இருந்தது. அப்பா உதைக்கும்போது போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இருமி இருமி அந்த எஞ்சின் உயிர்பெறும் கணத்துக்காகவே விடியற்காலையில் எழுந்திருப்பேன். எனக்கு அப்போது வயது பத்து.

2010ஆம் ஆண்டு முதுமாணிப் படிப்புக்காகச் சென்னைக்குச் சென்றேன். நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. அதன் உரிமையாளர் சனி ஞாயிறுகளிலே கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போவதும், திங்களன்று நொண்டிக்கொண்டோ சிரித்துக்கொண்டோ திரும்புவதுமாக இருந்தார். ஒரு சனிக்கிழமை நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். அது போய் நின்ற இடம் இருங்காட்டுக்கோட்டை.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருந்தெருவில், ஸ்ரீபெரும்புதூருக்கு அண்மையிலே உள்ளது அவ்வோடுபாதை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அமைத்து 1990இல் திறந்தது, சுற்று 3.7 கிலோமீற்றர், வளைவுகள் 12. அதற்கு முன்னர் அவர்களுடைய பந்தயங்கள் சோழவரத்திலே, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத்தளம் ஒன்றில் நடந்தன. நம் நாட்டிலும் கதை இதுவே. களுத்துறைக்கருகே கட்டுக்குருந்தையிற் பிரித்தானியர் போருக்காகப் போட்ட விமானத்தளத்திலேதான் பின்னர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறின. குண்டுவீச்சு விமானம் இறங்கப் போட்ட தரை இளைஞரின் விளையாட்டுக்குப் பயன்பட்டதே என்று நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு திருப்தி உண்டு.

முதல் நாள் வேடிக்கை பார்த்தேன். மூன்றாம் மாதம், அடிபட்டு நெளிந்த பழைய 150 சி.சி. வண்டியொன்றைப் பட்டறைக்காரரிடம் தவணைமுறையில் வாங்கியிருந்தேன். புலமைப்பரிசிற் பணத்திலே உணவுக்கென ஒதுக்கியது ரயருக்குப் போயிற்று.

பந்தயமென்றால் கொடி அசைத்ததும் பாய்வது என்று எண்ணுவோர் சனிக்கிழமை காலையில் அங்கு வந்து பார்க்க வேண்டும். பாதி நாள் பரிசோதனையிலேயே கழியும். பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், நிறுத்தும் கால் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் அவை உடைந்து பாதையிற் சிதறும். எண்ணெய் வடிக்கும் ஆணியின் தலையிலே துளையிட்டுக் கம்பியாற் கட்டியிருக்க வேண்டும். ஆணி கழன்று எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவன் வழுக்குவான். பரிசோதகர் குனிந்து அக்கம்பியை விரலால் இழுத்துப் பார்ப்பார். என்னுடையது முதன்முறை அவர் கையோடு வந்துவிட்டது. திருப்பி அனுப்பினார். விதிகளிற் பெரும்பாலானவை ஓட்டுபவனைக் காக்க எழுந்தவையல்ல, அவனுக்குப் பின்னால் வருபவனைக் காக்க எழுந்தவை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பின்னர் தோலுடை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டான மாட்டுத்தோல். சென்னையின் வெயிலில், கருந்தார்ப் பாதையின் ஓரத்தில், இரவல் வாங்கிய அவ்வுடைக்குள் நுழைந்து, நெற்றியிலே திருநீறும் பூசிக்கொண்டு நான் நின்ற கோலத்தை அம்மா கண்டிருந்தால் பந்தயத்துக்காக அல்ல, தோலுக்காகவே தலையிலடித்திருப்பார்.

இனி வளைவுகளைப் பற்றி. கரும்பலகையிலே சாய்வுக்கோணத்தை ஒரு வரியிற் கணித்துவிடலாம். பாதையிலே அந்த ஒரு வரி ஓராண்டு எடுத்தது. வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளை வலப்புறம் திருப்ப வேண்டுமாயின், வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்ப, வண்டி வலப்புறம் சாய்ந்து விழப்பார்க்கும். அந்த விழுகையே திருப்பம். சைக்கிளோட்டும் எவரும் தம்மையறியாமற் செய்வது இது. அறிந்து, துணிந்து, மணிக்கு 90 கிலோமீற்றரிலே செய்வது வேறு காரியம். ரயரிலே நிலத்தைத் தொடுவது உள்ளங்கையளவு றப்பர். அது தரக்கூடிய பிடிப்பு ஓர் அளவுக்குட்பட்டது. அதைத் திருப்பத்துக்குச் செலவிட்டால் பிறேக்குக்கு மிஞ்சாது. ஆகவே வளைவுக்கு முன்னரே, நேர்ப்பாதையிலேயே, வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். பயந்தவன் வளைவுக்குள்ளே போனபின் பிறேக்கைப் பிடிப்பான். நான் பல மாதங்கள் அப்படித்தான் பிடித்தேன்.

எல்லாவற்றிலும் கடினமானது கண். ஓட்டுபவன் எங்கே பார்க்கிறானோ வண்டி அங்கே செல்லும். குழியைத் தவிர்க்க நினைத்துக் குழியையே பார்ப்பவன் குழிக்குள்ளேயே போவான். பட்டறைக்காரர் ஒவ்வொரு வாரமும் இதைச் சொல்வார். நானும் தலையாட்டுவேன்.

என் முதற் பந்தயத்திற் கடைசியாக வந்தேன். இரண்டாவதிற் கடைசிக்கு முன்னவன். முதலில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் எடுத்தவன், ஓராண்டு முயன்று ஆறு விநாடி குறைத்தேன். வாசகர் சிரிக்கலாம். அந்த ஆறு விநாடிக்காக நான் பட்ட பாட்டை முதுமாணி ஆய்வுக்குப் பட்டிருந்தால் இன்று கலாநிதி பட்டத்தோடு இருந்திருப்பேன்.

மூன்றாவது பந்தயம் 2011ஆம் ஆண்டு. நான்காவது சுற்றில், வலப்புறம் திரும்பும் ஒரு வளைவிலே, எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த வங்கி எழுதுவினைஞர் ஒருவர் வழுக்கி விழுந்தார். வண்டி சுழன்று வெளியே போயிற்று. அவர் மட்டும் பாதையின் நடுவிலே, மல்லாந்தபடி, இரு கைகளையும் விரித்துக்கொண்டு சறுக்கிச் சென்றார். நான் அவரைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதென்று ஓராண்டாகத் தலையாட்டியவன் அவரை மட்டுமே பார்த்தேன். வண்டி அவரை நோக்கியே சென்றது. தலைக்கவசத்துக்குள் அவருடைய கண்கள் தெரிந்தன. இன்றும் சில இரவுகளில் அவை தெரிகின்றன.

எப்படி நிமிர்ந்தேன் என்பது நினைவில்லை. புல்லைப் பார்த்திருக்க வேண்டும். ஏனெனில் வண்டி அங்கே போயிற்று. என் சில்லு அவருடைய காலுக்கு ஒரு முழம் அப்பாற் கடந்ததாகப் பின்னர் சொன்னார்கள். புல்லைத் தாண்டிச் சரளைக்கற்களிலே முன்சில்லு புதைய, நான் தூக்கியெறியப்பட்டேன். வலது தோளிற் காறை எலும்பு முறிந்தது. இரவல் உடையின் முழங்கைத் தையல் பிரிந்து, சதை சரளையில் உரைந்தது. மஞ்சட்கொடி அசைந்ததும், எவரோ ஓடிவந்து என் தலைக்கவசத்தைக் கழற்ற விடாமல் இன்னொருவர் தடுத்ததும் நினைவிருக்கின்றன. கழுத்தெலும்புக்குச் சேதமில்லையென்று தெரியும்வரை கழற்றக் கூடாதாம்.

வங்கிக்காரர் காயமின்றி எழுந்தார். மறுநாள் தோடம்பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, என்னை மோதவிடாமற் காத்தமைக்கு நன்றி என்றார். அவரைக் கொல்ல இருந்தவனும் நானே என்று அவரிடம் சொல்லவில்லை.

அன்றிரவு யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தார். அறைப் படிக்கட்டிலே வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். "செருப்பு தேஞ்சிருக்கும், புதுசொண்டு வாங்கு" என்றார். ஆறு வாரம் கை தொட்டிலிலே இருந்தது. நான்கு மாதங்களின் பின் மீண்டும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். இன்னும் இரண்டு பந்தயங்கள். 17 பேரில் ஒன்பதாவதாக வந்ததே என் வாழ்நாட் சாதனை. 2012இல் வண்டியைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிட்டு ஊர் திரும்பினேன். பிறகு பந்தயத்தில் ஏறவில்லை.

வகுப்பிலே நான் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். 45 பாகையைச் சொன்னேன். அந்தக் கண்களைச் சொல்லவில்லை. ஓடுபாதையிலே தரை கழுவியதுபோற் சுத்தமாக இருக்குமென்பதையோ, எதிரே பேருந்தும் குறுக்கே மாடும் வாராவென்பதையோ, கேணியடியிலே கோயில் மணல் தார்மேற் பரந்திருக்க உராய்வுக் குணகம் என்னாகுமென்பதையோ கூடச் சொல்லவில்லை. அது பரீட்சைக்கே வந்திருக்கக்கூடிய பகுதி.

ஆகவே அந்தத் தாயாரின் முன்னால், பையனுக்கு முழுவதையும் சொன்னேன். முன்பெல்லாம் இத்தகைய பேச்சை "பந்தயம் பந்தயத் திடலில், வீதி வீதியில்" என்று எளிதாக முடித்துவிடுவேன். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி தியத்தலாவைப் பந்தயத்திலே கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் புகுந்து, எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் இறந்தபின் அந்த வாக்கியம் என் வாயில் வருவதில்லை.

பையன் கேட்டுக்கொண்டிருந்தான். பல்லில்லாத வாயால், "அதுக்குப் பிறகும் ஏன் சேர் போனீங்கள்?" என்றான்.

தாயாரும் அப்போதுதான் என்னை நேரே பார்த்தார். எனக்கு விடை தெரியவில்லை. எழுந்துபோய், அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து முழங்காற் காப்பு இரண்டையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். ஓடுபாதை வலஞ்சுழியாகச் செல்வது. ஆதலால் வலதுகாற் காப்பு ஒரு மூலையிலே நகத்தளவு தேய்ந்திருக்கும். இடது ஏறக்குறையப் புதிது. ஓராண்டு உழைப்பிலே தேய்ந்தது அவ்வளவே. பையன் அந்தத் தேய்வை விரலாற் தடவிப் பார்த்தான். அவன் கண்களில் நான் எதிர்பார்த்த அச்சம் இல்லை. வேறேதோ இருந்தது. அதை நான் அறிவேன். அதனால் எனக்குத்தான் அச்சமாயிற்று.

என் சட்டைக்கையை மடித்து முழங்கையைக் காட்டினேன். தோலுக்குக் கீழே இன்றும் கருநீலப் புள்ளிகள் மூன்று இருக்கின்றன; மருத்துவர் எடுக்காமல் விட்ட சரளைத் துகள்கள்.

உள்ளறைக் கட்டிலிலே படுத்திருந்த அம்மா இருமினார். அவருக்கு இப்போது எண்பது வயது. காது மந்தமென்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

"படியாலை விழுந்தவன்ரை முழங்கைக்குள்ளை கல்லு எப்பிடிப் போனது எண்டு நான் அண்டைக்கே யோசிச்சனான்" என்றார்.

பையன் சிரித்துவிட்டான். அவனுடைய தாயார் சிரிக்கவில்லை.