துண்டு போட்டு இடம் பிடித்த அம்மாவுக்கு ஒரு ரிசர்வ் சீட்!

"நாலரை மணிக்கு யாராவது ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவாங்களாடி?"

அம்மா கேட்டதில் தப்பே இல்லை. ஜூலை மாத ஃப்ளோரிடா வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குள் காலையிலிருந்து சுற்றியாகிவிட்டது. அம்மாவின் கைப்பையில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் டப்பாவில் பத்திரமாக இருந்தன. வெளிச்சாப்பாட்டை உள்ளே கொண்டுவர அங்கே தடையில்லை. அப்படியிருக்க, ஹோட்டலில் போய் உட்கார வேண்டிய அவசியம் என்ன?

"வாம்மா, உள்ளே ஏசி இருக்கு. உட்கார்ந்து பேசலாம்" என்று மட்டும் சொன்னாள் மகள். விஷயம் சாப்பாட்டில் இல்லை என்பதை அவள் அப்போது சொல்லவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர் அம்மா. 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருந்தார். பேத்திக்கு 10 வயது, பேரனுக்கு 4. பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் காரில் ஏழு மணி நேரம் பயணம் செய்து டிஸ்னிக்கு வந்திருந்தார்கள்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே மகளுக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம், 'ஃபேன்டாஸ்மிக்' என்ற இரவுக் காட்சி.

நின்றே ஆக வேண்டிய காட்சி

ஃபேன்டாஸ்மிக், கலிஃபோர்னியாவில் இருக்கும் டிஸ்னிலேண்டில் 1992-ல் தொடங்கியது. ஃப்ளோரிடாவில் 1998-ல். தண்ணீரை விசிறிபோலப் பீய்ச்சி, அதையே திரையாக்கிப் படம் காட்டுவார்கள். மிக்கி மவுஸ் காணும் கனவுதான் கதை. கனவுக்குள் வில்லன்கள் புகுந்துவிடுவார்கள், தீ கக்கும் டிராகன் வரும், கடைசியில் மிக்கி ஜெயிக்கும். மொத்தமே அரை மணி நேரம்தான். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்றுபோன ஃப்ளோரிடா காட்சி, 2022 நவம்பரில் புதுக் காட்சிகளுடன் திரும்பி வந்தது.

திறந்தவெளி அரங்கம். சுமார் 6,900 பேர் உட்காரலாம். பூங்காவுக்கு டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் இந்தக் காட்சி இலவசம். ஆனால், கூட்ட நாட்களில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் முன்பே வரிசையில் போய் நிற்க வேண்டும். காலையிலிருந்து நடந்து களைத்த கால்களுடன், நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலிக்கும் பாட்டியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு!

"வீல் சேர் வாடகைக்குக் கிடைக்கும் அத்தை, எடுத்துடலாமா?" என்று மருமகன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை அதெல்லாம்? நான் நல்லா நடக்கிறேன். நீங்க எல்லாரும் போய்ப் பாருங்க, நான் எங்கேயாவது ஓரமா உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கிறேன்" என்றார் அம்மா.

அந்தக் கடைசி வாக்கியம்தான் மகளைத் தைத்தது. ஏனென்றால், அதை அவள் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறாள்.

பாயும் துண்டும்

ஊரில் மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் கடைசி நாள் 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். நாடகம் தொடங்க ராத்திரி பத்து மணியாகும். சாயங்காலம் ஐந்து மணிக்கே அம்மா ஒரு கோரைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார். மேடைக்கு முன்னால் பாயை விரித்து, நான்கு மூலையிலும் செருப்போ கல்லோ வைத்து, கூடவே ஒரு துண்டையும் போட்டு இடம் பிடிப்பார். பக்கத்துப் பாய்க்காரர்கள் நகர்ந்து வந்தால் சண்டை போடுவார். ஐந்து மணி நேரம் அந்தப் பாயைக் காவல் காப்பார்.

குழந்தைகள், மாமியார், நாத்தனார் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு சாவகாசமாக வந்து உட்கார்வார்கள். அப்போது அம்மா எழுந்து வீட்டுக்குப் போவார். அப்பாவுக்குச் சாப்பாடு போட வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். திரும்பி வந்தால் தம்பிக்கு ஒன்றுக்கு வரும். தூக்கிக்கொண்டு போவார். அதற்குள் முருகன் வேடனாக வந்து போயிருப்பார்.

இத்தனை வருடங்களில் 'வள்ளி திருமணம்' நாடகத்தை அம்மா ஒருமுறைகூட முழுசாகப் பார்த்ததில்லை. இடம் பிடித்தது அவர். பார்த்தது மற்றவர்கள். சின்ன வயதில் மகளுக்கு இது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. தனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து, பூங்காவிலும் பள்ளி விழாவிலும் 'நீங்க போங்க, நான் இடத்தைப் பார்த்துக்கிறேன்' என்று அவளே சொல்ல ஆரம்பித்தபோதுதான் உறைத்தது.

சாப்பாட்டோடு சேர்ந்த இடம்

அப்போதுதான் டைனிங் பேக்கேஜ் பற்றி அவளுக்குத் தெரியவந்தது. விஷயம் எளிமையானது. பூங்காவுக்குள் இருக்கும் குறிப்பிட்ட சில உணவகங்களில் முன்பதிவு செய்து, ஒரே விலையில் முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். கூடவே அன்றைய இரவுக் காட்சிக்கு, ஒதுக்கப்பட்ட பகுதியில் உட்காரும் அனுமதி கிடைக்கும். நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

டிஸ்னிக்கு இது புதிதல்ல. எப்காட் பூங்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இசைக்குழுவும் பெரிய பாடகர் குழுவும் சேர்ந்து நடத்தும் 'கேண்டில்லைட் புரொசஷனல்' நிகழ்ச்சிக்கும் இப்படிப் பேக்கேஜ் உண்டு. கலிஃபோர்னியாவில் 2010-ல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் கலர்' தண்ணீர்க் காட்சிக்கும் உண்டு.

இந்த உணவக முன்பதிவுகள் 60 நாட்களுக்கு முன்பு திறக்கும். அலாரம் வைத்து விடியற்காலையில் எழுந்து பதிவு செய்தாள் மகள். பெரிய கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. டிஸ்னியில் 3 முதல் 9 வயது வரைதான் குழந்தை விலை. 10 வயதாகிவிட்டால் பெரியவர் விலை. ஆக, மூன்று பெரியவர்கள், 'பெரியவரான' ஒரு பேத்தி, ஒரு குழந்தை. வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 200 டாலரைச் சுலபமாகத் தாண்டியது.

"இலவசமா பார்க்கக்கூடிய காட்சிக்கு இவ்வளவா?" என்றார் கணவர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

1999-ல் டிஸ்னி ஃபாஸ்ட்பாஸ் முறையைக் கொண்டுவந்தபோது, வரிசையைத் தவிர்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2021-ல் வந்த ஜீனி பிளஸ் முறையில் அதற்கும் பணம் கட்ட வேண்டியதாகிவிட்டது. இன்று தீம் பார்க்கில் விலை அதிகமான சரக்கு ராட்டினமோ சாப்பாடோ இல்லை, நேரம்தான்.

காத்திருப்பதில் உடம்பு வலியைவிட மனவலி பெரிது. டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். பதற்றத்தோடு காத்திருந்தால் இன்னும் நீளும். சும்மா நிற்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட மெதுவாக நகரும். இடம் கிடைக்குமா என்று தெரியாமல் நிற்கும் ஒரு மணி நேரத்தையும், சாப்பிட்டுக்கொண்டே பேசும் ஒரு மணி நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புரியும். பேக்கேஜ் விற்பது சாப்பாட்டை அல்ல, நிம்மதியை.

இடி இடித்த சாப்பாடு

'ஹாலிவுட் பிரவுன் டெர்பி' உணவகம், பழைய ஹாலிவுட்டில் நடிகர்கள் கூடிய அதே பெயருள்ள உணவகத்தின் நகல். சுவர் முழுக்கப் பிரபலங்களின் கேலிச்சித்திரங்கள். உரிமையாளர் ராபர்ட் காப், 1937-ல் ஒரு நள்ளிரவில் பசியில் ஃபிரிட்ஜில் இருந்ததையெல்லாம் நறுக்கிப் போட்டுச் செய்ததுதான் காப் சாலட் என்பது கதை. வான்கோழி, பன்றி இறைச்சி, முட்டை எதுவும் வேண்டாம் என்று சொல்லி அம்மாவுக்கு வரவழைத்தாள் மகள். 2019-லிருந்து டிஸ்னி உணவகங்களில் தாவர உணவுகளுக்கு மெனுவில் இலைக் குறி போடுகிறார்கள். அதைப் பார்த்து இன்னொன்றும் சொன்னார்கள்.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். "நம்ம கோசம்பரிதான். தாளிக்க மறந்துட்டாங்க" என்றார்.

பேத்தி சும்மா இருக்கவில்லை. "பாட்டி, எனக்குப் பெரியவங்க ரேட் தெரியுமா?" என்று பெருமையோடு விலையைச் சொல்லிவிட்டாள். அம்மா மனசுக்குள் ரூபாயில் பெருக்கியது முகத்திலேயே தெரிந்தது. கரண்டி அப்படியே நின்றது.

"இந்தக் காசுல நம்ம ஊர்ல ஒரு விசேஷமே நடத்தலாமேடி."

மகள் பதில் தேடுவதற்குள் வெளியே இடி இடித்தது. ஃப்ளோரிடா கோடையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் சகஜம். மின்னல் வெட்டினால் திறந்தவெளிக் காட்சியை ரத்து செய்துவிடுவார்கள். கொடுத்த பணம் சாப்பாட்டுக்கு, சாப்பிட்டாகிவிட்டது. காட்சி என்பது பூங்கா டிக்கெட்டில் அடங்கியது. மழை பெய்தால் யாரிடம் போய்க் கேட்பது? டெசர்ட் வந்தும் மகளுக்கு இறங்கவில்லை. அம்மாதான் சமாதானம் சொன்னார்.

"விடுடி. ஐந்து மணிக்கே பாய் போட்ட வருஷமும் மழை வந்திருக்கு."

அந்தக் கேள்வி

மழை ஏழரை மணிக்கு விட்டது. சன்செட் பூலிவார்டு வழியாக மெதுவாக நடந்து அரங்கத்துக்குப் போனார்கள். ஒரு பக்கம் பொது வரிசை. குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், ஈரத் தரையில் பிளாஸ்டிக் ரெயின்கோட்டை விரித்து உட்கார்ந்த அம்மாக்கள். இன்னொரு பக்கம் பேக்கேஜ் வாங்கியவர்களுக்கான நுழைவு. பாஸைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள்.

அம்மா நின்று அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்கள் யாரைத் தேடின என்று மகளுக்குத் தெரியும்.

"அவங்களும் டிக்கெட் எடுத்துத்தானே வந்திருக்காங்க?"

"ஆமாம்மா."

"அப்புறம்?"

முப்பது வருடம் வகுப்பறையில் கேள்வி கேட்டுப் பழகியவர். மகளிடம் பதில் இல்லை. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு இருக்கையும், வரிசையில் முதலில் வந்து நின்ற ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இருக்கைதான். வசதி இருப்பவர் உட்கார்கிறார், இல்லாதவர் நிற்கிறார் என்று அதைச் சொல்லிவிடலாம். நிற்கவே முடியாத ஒருவர், வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்து பார்க்கிறார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை.

இன்னொன்றும் அங்கே போன பிறகுதான் புரிந்தது. ஒதுக்கியது பகுதியைத்தான், நாற்காலியை அல்ல. அந்தப் பகுதிக்குள் முன்னால் வந்தவருக்கே முன்னிடம். சாய்வு இல்லாத நீள பெஞ்ச். முன்வரிசைகளில் தண்ணீர் தெறிக்கும். அதனால் கொஞ்சம் முன்னதாகவே போய், படி அதிகம் ஏறத் தேவையில்லாத நடுவரிசையாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். அம்மா உடனே தன் துண்டை எடுத்துப் பக்கத்தில் மருமகனுக்காகப் போட்டார். பழக்கம்!

மடி

விளக்குகள் அணைந்தன. தண்ணீர் எழுந்தது. முலான் வந்தாள், மோனா வந்தாள், எல்சா வந்தாள். பேத்தி ஒவ்வொரு பெயரையும் பாட்டியின் காதில் கத்தினாள். பிறகு பச்சை வெளிச்சத்தில் சூனியக்காரி டிராகனாக மாறி, தண்ணீரின் மேலேயே தீ பிடித்தபோது, நான்கு வயதுப் பேரன் வீறிட்டு அலறிக்கொண்டு பாட்டியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்லடா கண்ணு, சூரசம்ஹாரம்தான். இதோ முடிஞ்சுடும் பாரு" என்று முதுகைத் தட்டிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் பார்த்தார் அம்மா.

இதைத்தான் மகள் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறாள். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று களைத்திருந்தால், அம்மா இந்நேரம் பைகளோடு எங்கேயோ ஓரமாக இருந்திருப்பார். பேரன் பயந்து ஓடி வர அங்கே மடி இருந்திருக்காது.

வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு அவள் இப்போது சொல்வது இதுதான். நிற்கத் தெம்புள்ள இளசுகள் என்றால் வேண்டாம், வரிசையில் நின்று அரட்டை அடியுங்கள், காசு மிச்சம். முதியவரோ கைக்குழந்தையோ கூட இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எப்படியும் அன்று உணவகத்தில்தான் சாப்பிடப் போகிறீர்கள் என்றால், அந்த வேளையையே பேக்கேஜாக்கிக்கொள்ளுங்கள். விலை உணவகத்துக்கு உணவகம் மாறும். உங்கள் 10 வயதுக் குழந்தைக்கு என்ன விலை என்று முன்பே பாருங்கள். கோடையில் மழையை நம்பாதீர்கள்.

காட்சி முடிந்து காருக்கு நடக்கும்போது அம்மா எதுவும் பேசவில்லை. அட்லாண்டா திரும்பிய பிறகு, ஊரில் இருக்கும் சின்னம்மாவிடம் போனில் பேசியது மகளுக்குச் சமையலறை வரை கேட்டது.

"சாப்பாடா? சாப்பாடு சுமார்தான், காசுதான் ஜாஸ்தி... காட்சியா? முழுசா பார்த்தேன்டி. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்!"