மாங்காய்க்கு ஐந்து புள்ளி

பட்டர் பேப்பரில் ஊசி இறங்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பொக், பொக் என்று மெல்லிய சத்தம். மடித்த கம்பளியின் மேல் தாளை விரித்து, பென்சில் கோட்டின் மேலேயே அம்மா ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கொண்டு போவாள். குத்தி முடித்த தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சால் தொட்டுத் தேய்த்தால் அடியில் புள்ளி புள்ளியாகப் படம் இறங்கியிருக்கும். வெளிர் துணிக்கு நீலம், அடர்நிறத்துக்கு வெள்ளை ஜிங்க் பவுடர். எங்கள் உறையூர் வீட்டின் முன்னறைக்கு அந்த நாளில் மண்ணெண்ணெய் வாசனைதான் சொந்தம்.

எனக்குப் பத்து வயதில் முதல் முறை ஊசியைக் கையில் கொடுத்தாள். மாங்காய் டிசைன்தான் முதல் பாடம். "வளைவுல நெருக்கிக் குத்து பாப்பா, நேர்கோட்டுல விட்டுக் குத்து. வளைவுல விட்டியானா மாங்காய்க்கு மூக்கு ஒடிஞ்சுபோகும்" என்றாள். விட்டேன், ஒடிந்தது. அந்தத் தாளை அவள் கிழித்துப் போடவில்லை. பக்கத்திலேயே இன்னொரு மாங்காய் வரைந்து கொடுத்தாள்.

போன வருஷம் அண்ணன் மகள் லீவுக்கு வந்தபோது தன் டேப்லெட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டி, "அத்தை, ஆரி தையல் டிசைனை இனிமே இதுல போடுங்க" என்றாள். வரையும் செயலியில் பென் டூலைத் தொட்டதும் என் கை தானாகவே அம்மா சொன்னபடி போயிற்று. வளைவில் நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்தேன். எண்ணிப் பார்த்தால் 38 புள்ளிகள். ஆனால் மாங்காய், கல்லில் மோதிய பித்தளைச் சொம்பு மாதிரி முழுக்க நசுங்கல். ஒரு புள்ளியைச் சரிசெய்தால் பக்கத்துப் புள்ளி துருத்திக்கொண்டது.

அவள் எல்லாவற்றையும் அழித்தாள். "அஞ்சு போதும் அத்தை" என்றாள்.

அந்த ஐந்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். புள்ளியைத் தொட்டு உடனே பேனாவை எடுத்தால் மூலை. தொட்டு இழுத்தால், புள்ளியின் இரு பக்கமும் இரண்டு கைகள் முளைக்கின்றன. அந்தக் கை எந்தத் திசையில் நீள்கிறதோ அந்தத் திசையில்தான் கோடு புறப்படும். கை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் கோடு அந்தப் பிடிவாதத்தை விடாது. அதனால் வளைவுக்கு நடுவில் காவலுக்கு ஆள் வேண்டியதில்லை. மாங்காயின் வெளித்தோளில் ஒன்று, அடியில் ஒன்று, உள்வயிற்றில் ஒன்று, கழுத்து மடங்கும் இடத்தில் ஒன்று, மூக்கு நுனியில் ஒன்று. நுனியில் மட்டும் இரண்டு கைகளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க விடாமல் ஒடிக்க வேண்டும். ஒடித்தால்தான் மூக்கு கூராகும். அம்மா ஒடியக் கூடாது என்று சொன்ன இடமும் அதுதான்.

வட்டத்துக்கு நாலே புள்ளிதான் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மேலே, கீழே, இடம், வலம். ஒவ்வொரு கையின் நீளமும் ஆரத்தில் ஏறத்தாழ 0.55 பங்கு. கண்ணால் பார்த்து இதில் குறை சொல்ல முடியாது. எந்த வளைவானாலும் அதன் உச்சி எது, அடி எது, பக்கவாட்டில் எது எல்லை என்று முதலில் பார்த்துப் புள்ளி வைப்பதுதான் நான் கற்றதில் பெரிய பாடம். கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. தினம் ராத்திரி சமையல்கட்டை ஒழித்துவிட்டு அரைமணி நேரம், வட்டமும் இலையும் மாங்காயும் மட்டும்.

புள்ளியும் கையுமான இந்தக் கணக்கு கார் கம்பெனியில் பிறந்தது. பிரான்சில் ரெனோ கம்பெனியின் பொறியாளர் பியர் பெசியர் 1960களில் காரின் உடல் வளைவுகளை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க இதைப் பயன்படுத்தினார். அதனால்தான் பெசியர் வளைவு என்கிறார்கள். அவருக்கு முன்பே, 1959ல், போட்டிக் கம்பெனியான சித்ரோயனில் பால் டி காஸ்தெல்ஜோ இதே வழியைக் கண்டிருந்தார். கம்பெனி அதை வெளியே விடவில்லை; பெயர் மற்றவருக்குப் போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அம்மா போட்ட எத்தனையோ டிசைன்கள் கடைக்காரர் பெயரில்தான் கல்யாண வீடுகளுக்குப் போயின.

அம்மாவுக்குப் பெரிய தொல்லை அளவு. 34 அளவு ஜாக்கெட்டுக்குக் குத்திய முதுகு டிசைனை 42 அளவுக்குக் கேட்பார்கள். அரை அங்குலக் கட்டம் போட்டு, பக்கத்தில் அதைவிடச் சற்றுப் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோட்டை மாற்றி வரைவாள். ஒரு டிசைனுக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். அவள் கண் மங்கிய பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. நான் ஜெராக்ஸில் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடும் சேர்ந்து தடித்தது, ஓரம் பிசிறடித்தது, ஊசியை எந்தப் பக்கம் இறக்குவது என்றே தெரியவில்லை. போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். கடைசியில் படிக்கட்டு மாதிரி சதுரங்கள்தான் மிஞ்சும். பென் டூலில் போடும் வெக்டர் படத்தில் அந்தச் சதுரமே இல்லை. அதில் இருப்பது புள்ளியும் கையும் எந்த இடத்தில் என்ற எண்கள் மட்டும். 34ஐ 42 ஆக்கினால் எண்களைப் பெருக்கிக் கோட்டைப் புதிதாகப் போடுகிறது. எஸ்விஜி என்று சேமித்த கோப்பை அண்ணன் மகள் எழுத்தாகத் திறந்து காட்டினாள். எம் என்ற எழுத்தும் இரண்டு எண்ணும்: தொடங்கும் இடம். பிறகு சி என்ற எழுத்தும் ஆறு எண்களும்: இரண்டு கைகளின் நுனி, கோடு போய்ச் சேரும் இடம். அப்படியே நாலைந்து முறை. என் மாங்காய் மூன்று வரியில் அடங்கிவிட்டது. அம்மா ஒரு சாயங்காலம் முழுக்கக் கட்டம் போட்டதை நினைத்துக்கொண்டு அந்த மூன்று வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் பேனாவால் வரைவது புதுசு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் 1963லேயே ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். நடுவில்தான் மவுஸ் வந்து கையையும் கோட்டையும் பிரித்தது. 1987ல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் செயலியும் மவுஸுக்குப் பழகியதுதான். ஐபேடுக்கு அஃபினிட்டி டிசைனர் 2018லும், இல்லஸ்ட்ரேட்டர் 2020லும் வந்தன. எந்தச் செயலி என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கையில் இருப்பதில் தொடங்குங்கள். வெக்டர் செயலிகளில் பென் டூல் ஏறக்குறைய ஒன்றே.

அம்மா போன பிறகு டிரங்குப் பெட்டியில் அவளுடைய தாள்கள் கட்டாகக் கிடைத்தன. முதுகு டிசைன்களை அவள் தாளை இரண்டாக மடித்துத்தான் குத்துவாள். விரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். டேப்லெட்டில் பாதி வரைந்து கண்ணாடிபோலத் திருப்பினால் அது நடந்துவிடுகிறது. ஆனால் தனி மாங்காய்களில் ஒன்றைக் கவனித்தேன். எல்லாவற்றிலும் மூக்கு இடப்பக்கமாக ஒரு நூல் அதிகம் சாய்ந்திருக்கிறது. ஊசியைச் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் அவளுக்கு. ஒரு தாளைப் படமெடுத்துத் தானாக டிரேஸ் செய்யும் வசதியில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டையையும் தனி வட்டமாக எடுத்து நூற்றுக்கணக்கில் புள்ளிகளைக் கொட்டியது. அதனால் நானே வரைந்தேன். ஐந்து புள்ளி. மூக்குக் கையை இடப்பக்கம் அந்த ஒரு நூல் கூட்டினேன். திரையில் அம்மாவின் மாங்காய் வந்து நின்றது.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ பாட்டியோ குத்திய தாள் இருந்தால், டேப்லெட்டில் முதல் பாடத்துக்கு அதையே எடுங்கள். நேர் மேலிருந்து படம் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் உருவம் கோணிவிடும். அடி லேயரில் வைத்து, மங்கலாக்கி, பூட்டிவிட்டு, மேல் லேயரில் வரையுங்கள். கொஞ்சம் சீக்கிரம் செய்யுங்கள். மண்ணெண்ணெய் பட்ட தாள் மடித்த இடத்தில் முதலில் விடும். என் தாள்கட்டில் பாதி ஏற்கெனவே விட்டுப்போயிற்று.